வாய் அசையாத நாய்

என் வாயால் ஆகாத காரியம் கிடையாது. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றுபோனால், புகார் சொல்ல எல்லாரும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சர்ச்சிலும் அப்படித்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் குடும்பப் படம் ஒன்று போடுவோம். ஆங்கிலப் படம்தான். சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் திரைக்கு அருகில் மைக்கோடு நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியும், அவர்களுக்கு நான் தேவையில்லை. துவாஸ் தொழிற்பேட்டை விடுதிகளிலிருந்து பஸ் மாறி மாறி வரும் தொழிலாளர்களுக்கும், என் அம்மா மாதிரி தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும்தான் நான். ராஜா, ராணி, ராட்சசன், கோழிக்குஞ்சு எல்லாருக்கும் என் குரல்தான்.

அந்த மாதம் நான் தேர்ந்தெடுத்தது ஒரு போக்கிரி நாயைப் பற்றிய கார்ட்டூன் படம். சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குக் காரணம் என் தம்பி.

அப்பா இறந்த அன்று தம்பி வரவில்லை. பக்கத்துச் செம்பவாங்கில்தான் அவன் வீடு, டாக்சி பிடித்தால் கால் மணி நேரம். போனை அணைத்துவிட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து நின்றான். வராததற்கு எனக்கு ஒரு காரணம், மாமாவுக்கு ஒரு காரணம், ஃபாதருக்கு ஒரு காரணம் சொன்னான். மூன்றும் கேட்பதற்கு அருமையாக இருந்தன. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தத் திறமை உண்டு. ரொட்டிக் கடைக்காரர் கடனை வசூலிக்க வந்தால்கூட, இவன் பேச்சைக் கேட்டுவிட்டு இன்னொரு ரொட்டி கொடுத்துவிட்டுப் போவார்.

அன்றோடு அம்மா அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தம்பி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வந்து எங்களுக்குப் பின் வரிசையில் நிற்பான். அம்மாவுக்குப் பக்கத்தில், அப்பா உட்கார்ந்த இடம் காலியாக இருக்கும். அதில் தன் கைப்பையை வைத்துவிடுவார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் முன்னே கும்பிடுவார், பக்கத்தில் கும்பிடுவார், பின்னால் மட்டும் திரும்பமாட்டார். கடவுளே கொடுக்கச் சொன்ன சமாதானத்தைக்கூட என் அம்மா ஆள் பார்த்துத்தான் கொடுத்தார். எனக்கு ஆத்திரமாக வரும். இரண்டு வருடம் பொறுத்தேன். இனி இதை என் வாய் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன்.

படத்தின் கதை இதுதான். ஒரு குடும்பம் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய், காவல் காக்கவேண்டிய இரவில் திருடர்கள் நீட்டிய இறைச்சித் துண்டுக்கு ஆசைப்பட்டு ஓடிவிடுகிறது. வாய்ஜாலத்தாலேயே ஊரெல்லாம் ஏமாற்றித் திரிகிறது. பிறகு மனம் கேட்காமல், செய்ததற்குப் பரிகாரம் தேடித் திரும்பி வருகிறது.

மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஃபாதர் வந்து, "இதுல நாய் மோட்சத்துக்குப் போகுதாமே? மறைக்கல்வி வகுப்புல பிள்ளைங்க என்னைக் கேள்வி கேட்டே கொன்னுடுவாங்கம்மா" என்றார்.

"மோட்சமெல்லாம் இல்ல ஃபாதர், வீட்டு வாசல் வரைக்கும்தான்" என்றேன்.

அன்று நான் சொன்னதுபோல் என்றைக்கும் சொன்னதில்லை. நாய் ஏமாற்றும்போது தொழிலாளர்கள் விசில் அடித்தார்கள். அம்மா வழக்கம்போல முதல் வரிசை, பக்கத்து நாற்காலியில் கைப்பை. தம்பி கடைசி வரிசையில், சுவரோரம். நாய் திரும்பி வந்ததும் வீட்டுக்காரி கதவை அறைந்து சாத்தினாள். "சாத்தத்தான் செய்வா, வேற என்ன செய்வா?" என்று அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மண்டபம் சிரித்தது. நான் அசரவில்லை.

கடைசிக் காட்சியில் நாய் மழையில் நனைந்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் அங்கே வசனமே இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான். நான் விடுவேனா? "அம்மா, நான் செஞ்சது தப்புதான். முகத்துல முழிக்கத் தகுதி இல்லாதவன். ஆனா உங்கள விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?" என்று நாயின் குரலில் உருகினேன். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கதவு திறந்தது, நாய் உள்ளே போனது, கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கூட்டம் மீ கோரேங் நூடுல்ஸ் இருந்த மேசைப் பக்கம் போனதும் அம்மாவிடம் போய் நின்றேன். "எப்படிம்மா இருந்துச்சு?"

"படம் நல்லாத்தான் இருந்துச்சு. நீதான் பொய் சொல்லிட்ட."

"நான் என்ன பொய் சொன்னேன்?"

"கடைசியில அந்த நாய் பேசவே இல்ல. வாய் அசையலையே. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

போன வருடம்தான் அம்மாவுக்குக் கண்புரை எடுத்திருந்தோம். நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், நல்ல டாக்டராகக் கேட்டு வாங்கி எடுத்த கண்புரை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

"படம் முழுக்க வாயாலயே ஏமாத்துச்சு. கடைசியில வாய மூடிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதனாலதான் அவ கதவத் தொறந்தா" என்றார் அம்மா. "பேசியிருந்தா தொறந்திருக்க மாட்டா."

கதை சொல்ல எனக்குக் கற்றுக்கொடுக்கிறார். எனக்கு!

அதற்குள் தம்பி வந்துவிட்டான். யாரும் கேட்காமலே பின் வரிசை நாற்காலிகளையெல்லாம் அடுக்கிவிட்டு, சட்டை வேர்வையில் ஒட்ட, எங்களுக்கு முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது. மூக்கைச் சிந்தியது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அன்னிக்கு என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தான்.

"பேசாத."

"இல்லம்மா, இந்தத் தடவை உண்மையிலேயே..."

"பேசாதன்னு சொல்றேன்ல. நீ பேசினா நான் நம்பிடுவேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "நம்பி நம்பி எனக்கு அலுத்துப்போச்சுடா."

தம்பியின் வாய் திறந்து மூடியது. நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. சொல்ல எதுவும் இல்லாமல் நின்றபோது அவன் அச்சு அசல் அப்பாவாக இருந்தான்.

அம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் உட்கார்ந்தான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் எப்படி என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயும்தான்."

மைக்கை அணைத்துவிட்டு நானும் போய் உட்கார்ந்தேன்.