துரை மாஸ்டருக்குத் தூக்கிய கை

மோகன் அண்ணா! கூழ் கொதிக்கிற வாசனையும் கருவாடு வறுக்கிற வாசனையும் ஒன்றாகத் தெருவில் ஏறும்போது, பந்தலில் யாரோ மைக்கைத் தட்டி "ஹலோ, செக், செக்" என்பார்களே, அந்தச் சத்தம் கேட்டால் இப்போதும் உன்னைத்தான் தேடுகிறேன். கோபத்தோடுதான் தேடுகிறேன்.

மோகன் என் கூடப் பிறந்தவன், என்னைவிடப் பெரியவன். திருவொற்றியூரில் கடலோரத் தெரு எங்களுடையது. தொண்ணூறுகளின் கடைசியில், ஆடி மாதம் பிறந்தால் ராயபுரம் வரைக்கும் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கச்சேரி இருக்கும்; அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் போவேன், திரும்பும்போது எந்த "செட்டு", அதாவது எந்தப் பாட்டுக் குழு, முதல், எது அதற்கு அடுத்தது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவோம். எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் செல்வி அக்கா செட்டுதான் முதல். அவர்களுக்குக் கோட்டு சூட்டு கிடையாது, கீபோர்டில் சில கட்டைகள் பேசாது, ஆனாலும் செல்வி அக்கா அந்தக் கரகரத்த குரலில் ஆரம்பித்தால் ஐஸ் வண்டிக்காரர்கூட மணி அடிப்பதை நிறுத்திவிடுவார்.

ஒரு தடவை மேடைக்குப் பின்னால் போய் அவரிடம் பாடிக் காட்டினேன். கன்னத்தைக் கிள்ளி, "உங்க தெருவுல எங்களக் கூப்டா, நடுவுல ஒரு பாட்டு நீதான் பாடணும், ரெடியா இரு" என்றார். அன்றிலிருந்து காலித் தண்ணீர்க் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடிப் பழகினேன். மைக்கில் பாடுவது மாதிரியே எதிரொலிக்கும்.

எங்கள் தெருவில் எந்த செட்டைக் கூப்பிடுவது என்று கோயில் வாசலில் கூடிக் கை தூக்குவார்கள். "வூட்டுக்கு ஒரு கை" என்பது வழக்கம், அதுவும் ஆம்பளை கை. அப்பா போட்டில் கடலுக்குப் போயிருந்ததால் அந்த வருஷம் அண்ணன் கைதான் எங்கள் வீட்டுக் கை. "செல்வி அக்காவுக்குத்தான், சத்தியம்" என்று என் தலையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போனான். பெண்களோடு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை மாஸ்டர் செட்டுக்கும் செல்வி அக்கா செட்டுக்கும் கைகள் சமமாக வந்தன. அண்ணன் மட்டும் தூக்கவில்லை.

"இன்னா மோகனு, கைய வூட்ல வச்சிட்டு வந்துட்டியா?" என்று தலைவர் மாமா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"துரை மாஸ்டருக்குத்தான் மாமா," என்று கையைத் தூக்கினான். "நம்ம ஏரியாவுக்கு மொதமொத கிதார் கொண்டாந்ததே அவருதான். மத்த செட்டுக்காரங்கல்லாம் அவராண்ட கத்துக்கினவங்க. அவர வுட்டுட்டு வேற யார சொல்றது?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். துரை மாஸ்டர் செட்டு என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைப் பிடித்தேன். "எனுக்கு சத்தியம் பண்ணியேடா!"

"புட்ச்சது வேற, பெர்சு வேற. எனுக்கும் செல்வி அக்காதான் புட்ச்சிக்கீது. அதுக்கோசரம் பெரிய செட்டு எதுன்னு கேட்டா பொய் சொல்ல சொல்றியா?"

"பெரிய செட்டு எதுன்னு யார்ரா கேட்டா? யாரு வரணும்னுதான கேட்டாங்க!"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அம்மா மட்டும், "பாட்டுக்கோசரம் இன்னா பேஜாரு இது" என்று இரண்டு பேரையும் திட்டிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

கச்சேரி அன்று துரை மாஸ்டர் நீலக் கோட்டு போட்டு வந்தார். நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தேன். நன்றாகத்தான் வாசித்தார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். அடுத்த வருஷம் ஆடி வருவதற்குள் செல்வி அக்காவைக் கல்யாணம் செய்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், செட்டு கலைந்துபோனது. நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. அண்ணனோடு பேசினேன், சாப்பிட்டேன், சிரித்தேன், ஆனால் கச்சேரிக்கு மட்டும் அவன் சைக்கிளில் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

போன மாதம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது தகடு சரிந்து அண்ணன் போய்விட்டான். வந்தவர்கள் எல்லாம், "நாயமான புள்ள, யாருக்கும் ஓரவஞ்சனை செய்ய மாட்டான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு வாய்வரைக்கும் வந்தது: எனக்கு நியாயமான அண்ணன் வேண்டாம், ஒரே ஒரு தடவை என் பக்கம் ஓரவஞ்சனை செய்கிற அண்ணன் போதும். ஊருக்கு முன்னால் சரியாக இருக்க வேண்டும் என்று என்னைக் கைவிட்டான். இப்போது சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் போய்விட்டான்.

இப்போது எங்கள் தெருவில் செட்டு வருவதில்லை. ஆடியில் சிடி போட்டு, ஆள் உயர ஸ்பீக்கரை அலறவிடுகிறார்கள். யாரைக் கூப்பிடுவது என்று கூட்டமும் கூடுவதில்லை. துரை மாஸ்டர்தான் பெரியவர் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அவர் வாசித்த ஒரு பாட்டுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, மோகன் என்ற பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை, கும்பிட உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது. அது இறங்கும்வரைக்கும் என் அண்ணனுக்காக நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள்.