பட்டிழையும் பத்து விரல்களும்

காலை ஏழு மணிக்கு மகளின் கண்ணைத் துண்டால் கட்டிய பிறகுதான் தனகோடிக்குக் காபியே இறங்கும். முள்ளிப்பட்டு ஊரில் பட்டு நெய்கிற அவர், தறியடியில் கிடக்கும் பட்டிழை ஒன்றை எடுத்து இளமதியின் கால்விரலைத் தொடுவார்.

"இது எது?"

"இடது சுண்டு விரலு. ஜல்தி முடி நைனா, பஸ்ஸு போயிடும்."

எட்டு வயது இளமதியின் முதுகுத்தண்டுக்குள், நரம்போடு நரம்பாக ஒரு கட்டி. போன வருடம் சென்னையில் அறுவை செய்து முக்கால்வாசியை எடுத்தார்கள். மிச்சத்தில் கை வைத்தால் கால் போய்விடும் என்று விட்டுவைத்தார்கள். அது வளர்ந்தால் விரலில் உணர்ச்சி குறையலாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர் ஸ்வர்ணலதா. அறுவைக்கு முன் குழந்தை காலை இழுத்து இழுத்து நடந்த ஆறு மாதமும், "ஸ்கூலுக்குப் போவாம இருக்க நடிக்குது கழுத" என்று சொன்னவர் தனகோடிதான். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பரிகாரம் சொல்ல வரும் உறவுகளிடம் மட்டும் வாய் நீளும். "எலுமிச்சம்பழம் உருட்டுனா கட்டி கரையுமா? உன் தொப்பையக் கரைச்சிக் காட்டு மாமா, அப்புறம் பாக்கலாம்."

புடவை டிசைன் போடுகிற கட்டத்தாளில் விரலுக்கு ஒரு கட்டம். சரியாகச் சொன்னால் சிவப்பு. ஏழு வாரமாக ஒரே சிவப்பு. தாளைச் சுருட்டிக்கொண்டு மாப்பிள்ளை முறுக்கோடு மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அதை மெச்சிவிட்டு, தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வலது காலில் மூன்று விரல்களைத் தப்பாகச் சொன்னாள் இளமதி.

"வூட்ல கரெக்டா சொல்லுவா மேடம்."

"நைனா தறியில நாடா ஓட்ற மாதிரியேதான் தொடும்" என்றாள் அவள். "இடதுலேர்ந்து வலது போவும், அப்படியே திரும்பி வரும். எண்ணிகினே இருந்தா போதும். செவப்பு இல்லன்னா நைனா சாப்புடாது."

தனகோடி தாளைத் திரும்பச் சுருட்டினார். "மூளை நல்லாதான் வேலை செய்யுது மேடம்" என்றார்.

அன்றே ஸ்கேன். மிச்சக் கட்டி வளர்ந்திருந்தது. இப்போது வாரம் ஒருமுறை கீமோ ஊசிக்குச் சென்னை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அப்பனும் மகளும் சண்டை. வளர்ச்சி நின்றதா என்பது அடுத்த மாதம் தெரியும்.

ஏழு மணிக்குக் கண்கட்டு இன்னும் உண்டு. வரிசை மட்டும் கிடையாது. சில நாள் எந்த விரலையும் தொடாமல், இழையைக் காற்றில் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவள் "இன்னும் தொடவேல்ல நைனா" என்று சொல்லும்வரை.