வாடியில் ஓர் ஆணி

கோழிக்கூட்டை இழுத்துக்கொண்டு போகிறார் கச்சி முகம்மது. இந்த மாதத்தில் இது மூன்றாவது இடம். முதலில் மாமரத்தின் கீழ் இருந்தது, எறும்பாம். போன கிழமை கிணற்றடி, காற்றுச் சரியில்லையாம். இப்போது ஆற்றோரத் தென்னைகளுக்கு நடுவே போகிறது. உள்ளே பதினொரு கோழிகளும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கத்துகின்றன. "கொஞ்சம் பொறுங்க கா, வந்திட்டம்" என்று அவற்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே இழுக்கிறார். வாயில் வெற்றிலை. ஆட்காட்டி விரல் நுனியில் எப்போதும் கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். அதைத் துடைக்கும் பழக்கம் இந்த மனிதருக்குக் கிடையாது. கதவு நிலை, தண்ணீர் வாளி, ஆட்டின் காது என்று தொட்ட இடமெல்லாம் ஒரு வெள்ளைப் பொட்டு.

ஏறாவூரில் முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர். சைக்கிள் மிதித்த கால், பென்ஷன் வந்த பிறகும் ஓய மறுக்கிறது. செங்கலடிக்கு அப்பால் ஆற்றங்கரையில் முக்கால் ஏக்கர் வாங்கினார். காலையில் ஆடு, பிறகு வாத்து, பிறகு பாகல் பந்தல், பிறகு ஆற்றுப்படி என்று பழைய ஒழுங்கிலேயே இன்றும் சுற்றி வருகிறார். கையில் கடிதக்கட்டு இல்லை, அவ்வளவுதான். விற்றுப் பிழைக்கும் தோட்டமில்லை அது. "இது வெள்ளாமையில்ல மனெ, வெளயாட்டு" என்று அவரே சொல்லிவிடுவார்.

தேநீர் குடிக்கக்கூட உட்கார மாட்டார். கோப்பையோடு நடப்பார், குடித்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார். வேலிக்கட்டையிலும் கொய்யா மரக் கவட்டிலும் கோப்பைகளைத் தேடிப் பொறுக்குவது சித்தி நபீஸா என்ற அவருடைய மனைவியின் மாலை வேலை. "இவருக்குத் தேத்தண்ணி ஊத்துறதெண்டா பின்னால ஓடித்தான் குடுக்கணும்" என்பாள்.

மூன்று அறை, விறாந்தை, ஓட்டுக் கூரை, பளபளக்கும் தரை. இத்தனையும் உள்ள வீட்டை அவர் 'வாடி' என்றுதான் சொல்வார். காவலுக்குப் போடும் ஓலைக் குடிசைக்குத்தான் ஊரில் அந்தப் பெயர். யாராவது வாய் தவறி வீடு நன்றாக வந்திருக்கிறது என்றால் போதும், முகம் கறுத்துவிடும். "ஊடு இல்ல, வாடி. மறுகா ஊடெண்டு செல்லாதீங்க."

மனிதர் லேசுப்பட்டவரல்ல. இந்தப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு அவள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான், பெற்றவர்கள் பின்வளவுக்கு ஒதுங்குவார்கள். வாடியை யாரும் சீதனமாகக் கேட்பதில்லை. கச்சி முகம்மது பிறந்த வீடு அவருடைய மூத்த சகோதரிக்குப் போனது. கலியாணம் கட்டிப்போய் இருந்த வீடு மனைவியுடையது. அது மூத்த மகளுக்குப் போனது. பின்வளவில் எழுப்பிய வீடு இரண்டாமவள் பஸ்னாவுக்கு. சந்தோஷமாகத்தான் கொடுத்தார், யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் அறுபது வயதுவரை ஒரு சுவரிலும் அவர் ஆணி அடித்ததில்லை. "புள்ளைக்குப் போற செவரு, ஓட்ட போடப்படாது" என்பார். சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

வாடியில் அடித்தார். பூச்சுக் காய்ந்த கையோடு, விறாந்தையின் வெள்ளைச் சுவரில், ஒரே ஓர் ஆணி. சட்டையை மாட்டித் தள்ளி நின்று பார்த்தார். எடுத்து மறுபடியும் மாட்டினார். "அண்டைக்கி முழுக்க ஆணியத்தான் பாத்துக்கிட்டு இரிந்தார்" என்று சித்தி நபீஸா இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசி மகள் இன்ஷிராவுக்கென்று ஏறாவூருக்குள் போட்ட அத்திவாரம், சீமெந்து விலை ஏறிய வருடத்தோடு நின்றுவிட்டது. இப்போது அதற்குள் எருக்கலை முளைத்துக் கிடக்கிறது. அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்ததும் கச்சி முகம்மதுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை றிப்ஷான், மருந்துக்கடையில் வேலை, நல்ல பிள்ளை. அவனுடைய உம்மா சொல்லியனுப்பிய ஒரு பேச்சுத்தான் இவரைக் குடைந்தது. "ஆத்தடியில ஒரு ஊடு இரிக்காமே, வந்து பாக்கலாமா?"

கூடு தென்னைகளுக்கு நடுவே போன இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு வந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் வீட்டின் நலத்தைச் சொல்வான். இவர் வாசலிலேயே குறை சொல்லத் தொடங்கிவிட்டார். "மாரியில ஆறு இஞ்ச மட்டும் ஏறும்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். ஒரே ஒரு தடவை, கடைசிப் படியை நனைத்துவிட்டுப் போன வெள்ளம் அது. முதலை இருக்கிறது என்றார். பாம்பு இருக்கிறது என்றார். யானை வரும் என்று வாய் கூசாமல் சொன்னபோது, பக்கத்துத் தோட்டத்துக் கதிர்காமத்தம்பி வேலிக்கு அப்பால் நிமிர்ந்து, அண்ணன் முறை வைத்து, "எப்ப காக்கா ஆனை வந்த?" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தார்.

மாப்பிள்ளையின் உம்மா முழுத் தோட்டத்தையும் சுற்றி வந்து, "நல்ல காத்து" என்றாள். றிப்ஷான் கோழிக்கூட்டின் முன்னால் குந்திவிட்டான். "மாமா, கூடு இப்பிடி இரிந்தா மழச்சாரல் அடிக்காதா?" என்று கேட்டான். அதே சந்தேகம் இரண்டு நாளாக இவரையும் அரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை வெறுக்கவும் முடியவில்லை.

தேநீர்த் தட்டை வாங்கக் குசினிக்குப் போனார். இன்ஷிரா தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, முதல இரிக்கி எண்டீங்க. நான் நாளும் அந்தப் படியிலதானே உடுப்புக் கழுவுறன்."

"முந்தி இரிந்த, மகள்."

"எனக்கு இந்த ஊடுதான் விருப்பம், வாப்பா. செல்ல வெக்கமா இரிந்திச்சி. கத்தரிக் கண்டு வெச்ச நாளையில இரிந்து விருப்பம்."

மூன்று வருடம் அவரோடு வேலியடைத்தவள், தண்ணீர் சுமந்தவள், ஆடு குட்டி போட்டபோது கூடவே குந்தியிருந்தவள். இவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. வீட்டின் மேல் இருந்த ஆசை மட்டும் அதற்காக ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. தட்டை வாங்கினார். விறாந்தைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"பாம்பு இரிக்கிதான்" என்றார் வந்தவர்களிடம். "ஆனா இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிக்கல்ல. ஊடு நல்ல ஊடு."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தது சித்தி நபீஸா மட்டும்தான்.

வந்தவர்கள் போன பிறகு அவள் கேட்டாள். "மறுகா நாம எங்க போற?"

"கோழிக்கூட்ட அங்கால தள்ளினா, அதுல ஒரு வாடி போடலாம்."

சொன்ன கையோடு கூட்டை இழுக்கக் கிளம்பியும்விட்டார். நாலு அடி போனவர் திரும்பி வந்து, சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குறட்டைக் கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கினார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலில் சுண்ணாம்பு தொட்டு, அந்த ஓட்டையை அடைத்து, தடம் தெரியாமல் தேய்த்துவிட்டார். பிறகு, கதவு நிலையைப் பிடிக்குமுன், விரலைச் சாரனில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.