அடுப்பு வெளியே போன மழைக்காலம்

எங்கள் காம்பராவின் பின்சுவர் மலையை வெட்டிய மண்மேட்டோடு ஒட்டியிருந்தது. றொசல்லப் பக்கத்து மழை முழுக்க அந்த மேட்டில் இறங்கி எங்கள் சுவர் வழியாகத்தான் வெளியே வருகிறது என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, ஜன்னல் கிடையாது. கூரைத் தகரம் முதல் எங்கள் துணிமணி வரை எல்லாமே புகையேறிக் கிடந்தன. நாட்டின் கொடி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை மட்டும் மாறவில்லை. அவருடைய மாட்டுத் தொழுவத்துக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மாவுக்கு இழுப்பு. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் போதும், நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். தோட்டத்து டொக்டரையா ஒருநாள் அப்பாவிடம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்: "இந்தப் பொகைய நிறுத்தாட்டி பொம்பள தாங்க மாட்டா." அப்பா கணக்கப்பிள்ளையிடம் போய் ஒரு ஜன்னல் கேட்டார். "ஒனக்கு வச்சா லயம் பூரா கேப்பான், போ" என்று அனுப்பிவிட்டார் அவர்.

அப்பா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பெயர்த்து, வாசல் பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் பழைய தகரத்தால் மறைப்புக் கட்டி அங்கே வைத்துவிட்டார். எங்கள் லயத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. "அடுப்பில்லாத காம்பரா ஆறிப் போயிரும்ண்ணே" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா இருமாமல் தூங்கினாள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு மழை பிடித்தது. முதலில் பின்சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் பச்சை. ஆடி பிறப்பதற்குள் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துவிட்டது. பெட்டிக்குள் வைத்த துணியில் பூஞ்சணம், பாய்க்கு அடியில் பூஞ்சணம். மழையில் போர்த்திப் போகும் கம்பளியை அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போடுவது வழக்கம். வெளி அடுப்பின் சூட்டைக் காற்று கொண்டுபோனதால், அது ஈரத்தோடு கிடந்து நாறியது. அதையே தலையில் போட்டுக்கொண்டு அம்மா விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவாள். அப்பா சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார், மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

சுவரோரம் படுத்த கைக்குழந்தைத் தங்கைக்கும் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அந்தச் சுவரைக் காயவைத்தது நாங்கள் திட்டித் தீர்த்த அடுப்புதான். ஆனால் அடுப்பை உள்ளே கொண்டுவரச் சொல்வதும் அம்மாவைச் சாகச் சொல்வதும் எங்களுக்கு ஒன்றாகவே பட்டது.

கடைசியில் அம்மாவே சொன்னாள். தங்கையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஏங்க, அடுப்ப பழைய எடத்துலயே வச்சிருங்க. நான் இருமிக்கிறேன். இது சின்ன நெஞ்சு" என்றாள்.

"டொக்டரையா சொன்னது மறந்துபோச்சா?"

"எனக்குத்தானே சொன்னாரு. புள்ளைக்குச் சொல்லலீங்களே."

அப்பா குனிந்து அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வந்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சுவரைக் கட்டினவன்மேல் வந்தது, இன்னும் போகவில்லை.

நாளடைவில் சுவர் காய்ந்தது. கம்பளியும் காய்ந்தது. தங்கையின் இழுப்பு நின்று, உடம்பு தேறினாள். அம்மா அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை.

தங்கை இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்கும்போதெல்லாம், இழுப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.