இரண்டு மாமாக்களின் பல்

எங்கள் பட்டறையில் பல்செட் செய்கிறோம். டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி, பல் அடுக்கி, ஈறு வார்த்து, கடைசியில் பாலிஷ் போடுவோம். அந்தக் கடைசி வேலை என்னுடையது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு எண். தட்டு மாறினால் வாய் மாறிப்போகும்.

அக்கா இங்கே வந்தது என்னால்தான். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. அவள் கணவரும் என் கணவரும் அண்ணன் தம்பி. கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவள், பிள்ளைகள் வளரும்வரை வீட்டோடு இருந்துவிட்டாள். மறுபடி வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. நான்தான் முதலாளியிடம் வாயைத் திறந்தேன். கம்ப்யூட்டர் வேலையைக் கொடுத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பட்டறையில் அவளுக்கு வாய்த்த பெயர் "பாலிஷ்காரம்மாவோட ஓரகத்தி". சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒற்றை வழிதான் தெரியும். தட்டு எண்ணைக் கொடுத்தால் ஆளைச் சொல்லும். ஆளைச் சொல்லித் தட்டைக் கேட்டால் விழிக்கும். அக்கா தட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று, ஆளிலிருந்து தட்டுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் எழுதினாள். ஒரு தட்டு உடைந்தது. எண்ணை ஒன்றில் மாற்றினாள், மற்றதில் விட்டுவிட்டாள். யாருடைய பல்லோ யாருக்கோ பார்சலாகி, வேன் கிளம்புமுன் பிடித்தோம். முதலாளி சத்தம் போடவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா" என்றார். அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "ஒரு லைப்ரரி கிடைச்சிருக்குடி."

"இருக்கிற இருப்புல கதைப் புத்தகம் வேறயா?"

"அட, இது வேற. யாரோ எழுதி வச்ச புரோகிராம், நாம எடுத்துப் போட்டுக்கலாம். நீ எனக்கு ஓரகத்தின்னா நானும் உனக்கு ஓரகத்திதானே? ஒரே உறவு, ரெண்டு பக்கமும் செல்லுது. இதுவும் அப்படித்தான். ஒரு பக்கம் எழுதினா மறுபக்கம் தானா எழுதிக்கும். ஆனா ஒரு தட்டுக்கு ஒரு ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு தட்டு. ஏற்கெனவே ஜோடி இருந்தா ரெண்டாவதைச் சேர்க்காது."

"கல்யாண ரிஜிஸ்ட்ரார்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். லைப்ரரியைக் கொண்டுவர ஒரே ஒரு வரிதான் அடித்தாள். இரண்டு மூன்று தட்டுகளைப் போட்டுப் பார்த்தாள். எண்ணைக் கேட்டால் ஆள் வந்தது, ஆளைக் கேட்டால் எண் வந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு அலமாரியில் இருக்கும் தட்டு அத்தனையையும் மொத்தமாக உள்ளே விட்டாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"போச்சுடி. மறுபடியும் சொதப்பிட்டேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா திட்டுதா, இல்ல ஏதாவது சொல்லித் திட்டுதா?" என்றேன்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். "சிரிப்பு டாக்டரோட மாமாவுக்கு ஏற்கெனவே தட்டு இருக்காம். இன்னொண்ணு சேர்க்க மாட்டேங்குது."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற டாக்டரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"கட்டாயப்படுத்திச் சேர்க்கவும் வழி இருக்கு," என்றாள் அக்கா. "பழைய ஜோடியை அழிச்சிட்டுப் புதுசை வச்சுக்கும். சிவப்பு போயிடும்."

"அழிச்சா அந்தப் பழைய தட்டு?"

அக்காவின் விரல் நின்றது. ஆளில்லாத தட்டு எங்கள் பட்டறையில் சாயங்காலம் குப்பை டிரம்முக்குப் போகும். நான் அலமாரிக்கு ஓடி இரண்டு தட்டையும் எடுத்து வந்தேன். ஒன்றில் அகலமான வாய், இன்னொன்றில் குறுகலான வாய். இரண்டு சீட்டிலும் டாக்டரம்மாவின் கையெழுத்தில் "என் மாமா". ஒரே மனிதருக்கு இரண்டு வாயா?

அக்கா போன் போட்டாள். அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "ஐயோ, ஒருத்தர் எங்கம்மாவோட தம்பி, இன்னொருத்தர் என் மாமனார்! ரெண்டு பேரையும் மாமான்னுதானே கூப்பிடுறேன், அப்படியே எழுதிட்டேன். மாத்தி மட்டும் அனுப்பிடாதீங்கம்மா, மாமனார் வீட்ல நான் குடித்தனம் பண்ணணும்!"

அக்கா ஒருவரைத் தாய்மாமா என்றும் மற்றவரை மாமனார் என்றும் திருத்தி, மறுபடி எல்லாவற்றையும் உள்ளே விட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணும் சொல்லலேன்னா சரின்னு அர்த்தம்."

"அப்படியே நம்ம அத்தை."

எங்கள் மாமியாரை நினைத்து இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பின்னால் முதலாளி வந்து நின்றது தெரியவில்லை. இரண்டு தட்டையும் பார்த்தார். ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, தானே அடித்துப் பார்த்தார். எண் வந்தது. "திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா, பழைய கேஸ் எல்லாத்தையும் இதுல ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா சிவப்பு எழுத்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, திங்கட்கிழமைன்னாரு" என்று நான் உலுக்கிய பிறகுதான் உறைத்தது. அப்பாடா என்று மேஜைமேல் தலையைச் சாய்த்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. பிளாஸ்டர் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா கைப்பையை எடுத்து வருவதற்குள் நான் வாசலுக்குப் போய்விட்டேன். பார்சல் வேன் டிரைவர் புது ஆள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கம்ப்யூட்டர் அம்மாவோட ஓரகத்திதானே?"

"ஆமாங்க," என்றேன். அக்கா படியிறங்கி வந்ததும் அவள் காதில் விழட்டும் என்று, "கம்ப்யூட்டர் அம்மாவோட ஓரகத்தியேதான்!" என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.