மொட்டைக் காரில் பெண்ணழைப்பு

வெயிலிலிருந்து தலையைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடாக இருக்கும் திருவண்ணாமலையில், கூரையைத் திறந்து மடிக்கும் கார் ஒன்றை வாங்கிய அறிவாளி நான். பாண்டிச்சேரியில் ஒருவர் விற்றார். "மனசே இல்லாம குடுக்கறேன்" என்று சொன்னவர், நான் மனம் மாறுவதற்குள் சாவியை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊருக்குக் கொண்டுவந்த ஒரே வாரத்தில் தெரு முழுக்க அதற்கு மொட்டைக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காரை மதித்த ஒரே ஜீவன் என் தங்கை. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் பள்ளி வேனில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து போய் வந்தாள். மூன்று வருடம் ஸ்கூட்டி கேட்டாள். ரோட்டில் லாரி ஜாஸ்தி என்று மூன்று வருடமும் மறுத்தவன் நான். அதே லாரிகளுக்கு நடுவில் நான் காலேஜ் நாளிலிருந்து பைக் ஓட்டுகிறேன். ஆண்பிள்ளைகளைப் பார்த்தால் லாரிகள் ஒதுங்கிப் போய்விடும் போலிருக்கிறது.

அவளுக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் அங்கேயே. முதல் நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு. பெண்ணை அலங்கரித்து எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊர் மண்டபத்துக்கு அழைத்துப்போக வேண்டும். புடவை, நகை, சாப்பாடு எதிலும் தன் விருப்பம் என்று வாய் திறக்காதவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ண்ணா, என்னைய உன் கார்ல கூட்டிட்டுப் போ. கூரைய தொறந்து வெச்சிட்டு."

உடனே வீட்டில் கூட்டம் கூடியது. தலைமை, பெரிய அத்தை. "அவ்ளோ தூரம் காத்துல போனா, பேயோட்ட இட்டுனு வந்தவ மாதிரி போயி எறங்குவா. மாப்ள வூட்டுக்காரங்க மொத்த பேரும் வாசல்ல நின்னு பாப்பாங்க" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு முடி கலையாம எறக்கறேன், பாருங்க" என்றேன். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசறேன்" என்று அவளை அடக்கினேன்.

வெள்ளோட்டத்துக்கு மனைவி கிடைத்தாள். தலை பின்னி, மல்லிகைப்பூ வைத்து, பட்டுப்புடவையில் முன்சீட்டில் உட்கார வைத்து அடி அண்ணாமலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும் என்று கார் வைத்திராத நண்பன் ஒருவன் யோசனை சொல்லியிருந்தான். வந்த காற்று போகவே இல்லை. பூச்சரம் பறந்து ரோட்டில் விழுந்தது. முந்தானை என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. கண் தெரியாமல் பிரேக் போட்டு நின்றபோது எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "பஞ்சராங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். வீடு வரும் வரை மனைவி பேசவில்லை. பேசியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

அதற்கப்புறம்தான் ஆட்டோவுக்கு சீட் தைக்கும் குஷன் கடைக்காரரிடம் போனேன். அவர் காரைச் சுற்றி வந்து, பின்சீட்டைத் தட்டிப் பார்த்து, "காத்து முன்னாடியிருந்து வர்லீங்க" என்றார். "முன்கண்ணாடி மேல ஏறி, காலியா கெடக்கற பின்சீட்ல குதிச்சி, திரும்பி வந்து பொடனியில அடிக்குது. பின்னாடி தடுக்கணும்." இத்தனை நாள் முன்னால் வரும் எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அடி விழுந்ததெல்லாம் முதுகுப்பக்கம். தகரம் வைத்து அடைத்துவிடலாமா என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அடைச்சா அது மேல ஏறி இன்னும் ஜாஸ்தியா சுத்துங்க. வலை கட்டுனா வேகம் கம்மியாயிடும்."

கம்பியை வளைத்து, அதில் கருப்பு வலையை இழுத்துத் தைத்து, முன்சீட்டுகளுக்குப் பின்னால் பெல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார். நாலு கண்ணாடியையும் ஏற்றினேன். தலை முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும்படி சீட்டைத் தாழ்த்தினேன். மனைவியை மறுபடியும் பூ வைத்து உட்கார வைத்து, நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டிப் பார்த்தேன். பூ அசையவில்லை. இன்னொரு லாபம், வலை மறித்துப் பின்சீட்டில் ஆள் உட்கார இடமில்லாததால் பெரிய அத்தை வேனில் வந்தாக வேண்டும்.

மனைவி மட்டும் கேட்டாள். "இதுக்கு கூரைய மூடிட்டு ஏசி போட்டுட்டுப் போலாமே?" பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணழைப்பு அன்று நாலு மணிக்குக் கிளம்பினோம். காரில் நானும் தங்கையும் மட்டும். சொந்தபந்தம் எல்லாம் பின்னால் வேனில். செஞ்சி ரோட்டில் இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி காற்றில் அலைந்துகொண்டிருந்தது. காருக்குள் ஊதுபத்தி ஏற்றி வைக்கலாம், அப்படி ஓர் அமைதி. பெருமை தாங்காமல், "எப்படி இருக்கு?" என்றேன்.

"நம்ம வூட்டு ஹால்ல உக்காந்தா மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள். "ண்ணா, அந்த வலைய கழட்டேன்."

"எதுக்கு?"

"காத்து வரட்டும். ஸ்கூட்டி கேட்டதும் இதுக்குத்தான், உன் கார கேட்டதும் இதுக்குத்தான். மூஞ்சில காத்தடிக்க ஒரு தடவ வேகமா போணும்ண்ணா. ஊரு வர்றதுக்கு முன்னாடி நிறுத்து, சீவிக்கிறேன். பையில சீப்பு வெச்சிருக்கேன்."

ஒரு மாதமாக நண்பன், அத்தை, குஷன் கடைக்காரர் என்று ஊரில் எல்லாரிடமும் யோசனை கேட்டிருந்தேன். காரைக் கேட்டவளிடம் ஏன் கேட்டாய் என்று கேட்கவே இல்லை. அந்த நிமிஷம் அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பின்கண்ணாடியில் வேனைத்தான் பார்த்தேன். முன்சீட்டில் பெரிய அத்தை, கண் கொட்டாமல் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பைத்தியமா உனக்கு? அத்த பாத்துட்டே வர்றாங்க. கல்யாணம் முடியட்டும். ஒரு நாளு கூட்டிட்டுப் போறேன்."

"சரிண்ணா" என்றாள். அப்புறம் மண்டபம் வரும் வரைக்கும் ஏற்றிவிட்ட கண்ணாடி வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பெரிய அத்தை வேனிலிருந்து இறங்கி வந்து அவள் தலையைச் சுற்றிப் பார்த்து, "ஒரு முடி கலையலடா. சொன்னா சொன்னபடி செஞ்சிட்ட" என்று என் தோளில் தட்டினார். மாப்பிள்ளையின் சித்தப்பா வலையைத் தடவிப் பார்த்து எங்கே தைத்தது என்று விசாரித்தார். வாழ்க்கையில் இவ்வளவு பாராட்டு எனக்கு ஒரே நாளில் கிடைத்ததில்லை. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வெட்கமாக இருந்தது.

அந்த ஒரு நாள் வருவதற்கு இரண்டு வருடம் ஆனது. ஒவ்வொரு தடவை அவள் வந்தபோதும் எனக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது வலையைக் கழற்றி, கண்ணாடிகளை இறக்கி, காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். "வா, செங்கம் ரோட்டுல ஒரு ரவுண்டு போலாம். எவ்ளோ வேகம் வேணும் சொல்லு" என்றேன். அவள் காரைப் பார்த்தாள், பிறகு உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்த தன் மாமியாரைப் பார்த்தாள்.

"வேணாம்ண்ணா. முடி கலைஞ்சிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதற்காகத்தான் சொன்னாள்.