அடுத்தவர் பெயரில் போன மெயில்

ஜெயினுலாப்தீனை அவருடைய பட்டறையில் வைத்தே அடித்தார்கள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. வந்த நான்கு பேரையும் அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. துபாயில் வேலை என்று அவர் பெயரில் வந்த மெயிலை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள். "நான் அனுப்பலைய்யா" என்று அவர் சொல்லச் சொல்ல, தோல் வெட்டும் பலகையை எடுத்து முகத்தில் அறைந்தார்கள். இடது கண் போய்விட்டது.

சுலைகா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். மும்பையிலேயே சீத்தா கேம்ப் பகுதிக்காரி. செம்பூரில் மகாதேவன் நடத்தும் சின்னக் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். ஜெயினுலாப்தீனின் பட்டறைக்கும் மெயில் வசதி அந்தக் கம்பெனியிலிருந்துதான்.

"உங்க மெஷின்லேருந்துதான் போச்சுன்னு போலீஸ் சொல்லுதாங்க. நெசமாம்மா?"

"நெசந்தான் காக்கா" என்றாள், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

அந்த சர்வர் யார் எதைக் கொடுத்தாலும், யார் பெயரில் கொடுத்தாலும், கேள்வி கேட்காமல் வெளியே அனுப்பிவிடும். வெளியூர் போகும் வியாபாரிகளுக்கு வசதி என்று அப்படி விட்டிருந்தார்கள். மாற்றலாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "இப்போ வேண்டாம்மா, கஸ்டமர்ஸ் கத்துவா" என்று மகாதேவன் தள்ளிப்போட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீஸுக்கு வந்தாள்.

"சார், ஒருத்தர் கண்ணு போயிடுச்சு. நான் இன்னிக்கு மாத்தறேன்."

மகாதேவன் சரி என்று தலையாட்டினார்.

இனி அனுப்புகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் பாஸ்வேர்டு கொடுத்தாக வேண்டும். தன் முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியும். வெளியிலிருந்து அவர்களுக்கு வரும் மெயிலுக்குத் தடையில்லை. அந்த வாரம் முழுக்க போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

சாய்நாத் என்ற கஸ்டமரும் கூப்பிட்டான். பக்கத்துத் தெருவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி.

"மேடம், வேற பேர்ல போட்டா போக மாட்டேங்குது."

"வேற பேர்னா, யார் பேர்?"

போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் சாய்நாத் இரும்புக் கம்பியோடு ஆபீஸுக்கே வந்தான். கூட ஒருவன் கதவை அடைத்து நின்றான். குறுக்கே வந்த மகாதேவனின் தோளில் முதல் அடி விழுந்தது; அவர் மேஜைக்கடியில் சரிந்தார்.

"பழையபடி தொறந்து விடு."

"முடியாது."

கம்பி சர்வரில் இறங்கியது. தகரம் நசுங்கியது, பொறி பறந்தது. "தொறக்கிறியா, இல்லியா?" என்றவன் கீபோர்டின் மேலிருந்த அவள் வலது கையில் ஓங்கி அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடிக்கு அவன் கை உயர்ந்தபோது, மேஜையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை இடது கையால் எடுத்து அவன் தொடையில் செருகினாள். பிடி வரைக்கும் இறங்கியது. உருவி மறுபடி குத்தினாள். மூன்றாவது முறை கையை ஓங்கியபோது அவன் தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தான். கூட வந்தவன் ஓடிவிட்டான்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துதான் அவள் விரல்களைப் பிரித்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்கள். நிறுத்தச் சொல்லி மகாதேவன் கெஞ்சிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

போலீஸ் சாய்நாத் மேலும் கேஸ் போட்டது, சுலைகா மேலும் போட்டது. சாய்நாத்தின் கம்ப்யூட்டரில் ஜெயினுலாப்தீன் பெயரிலிருந்த மெயில்கள் அப்படியே கிடைத்தன. இப்போது அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

கோர்ட்டில் சாய்நாத்தின் வக்கீல் அவளைக் கேட்டார்: "ஒரு குத்து போதாதா?"

"அப்போ எனக்குப் போதலை சார்" என்றாள் சுலைகா.